என்னால் அடிக்கப்பட்டன

ஏப்ரல் 3, திங்கள்

இறுதியாண்டு மாணவிகள் எல்லோரையும் இன்று கல்லூரி அரங்கில் உட்கார வைத்தார்கள். மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். கோவில்பட்டி வெயிலில் கோட்டு போட்ட ஆளை நாங்கள் பார்த்ததில்லை என்பதால் முதல் பத்து நிமிடம் அவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. பிறகு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"பத்து வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க? கண்ணை மூடுங்க. தெரியுதா? அதை எழுதுங்க. அதுதான் உங்க வாழ்க்கையோட தொலைநோக்கு."

பக்கத்தில் வினோலியா கண்ணை மூடாமலே 'கலெக்டர்' என்று எழுதிவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தாள். மூன்று வருடப் பழக்கம். தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் அவளுக்கும் நான்தான் படம் வரைந்து கொடுக்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை, வகுப்பில் பதினோரு பேருக்கு.

நான் கண்ணை மூடினேன். தெரிந்தது.

இரண்டாம் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு ஹெர்பேரியத்துக்குக் கூட்டிப் போனார்கள். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, நூறு வருடமாக இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் இடம். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் செல்ஃபி எடுக்க வெளியே போய்விட்டார்கள். ஜன்னலோரம் ஒரு அம்மா லென்ஸ் வழியாக ஒரு புல்லைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் அறுபது பேர் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

'ஜன்னலோரம் ஒரு மேசை. நான் ஒரு செடியை வரைந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதினேன். பெயர் போடவில்லை.

பயிற்சியாளர் தாள்களை வாங்கி நாலைந்தை வாசித்தார். என்னுடையதும் வந்தது. "மேசை! யாரோ ஃபர்னிச்சர் கடை வைக்கப் போறாங்க போல." அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாரென்று தெரிந்துவிடும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

திலகவதி மேடம் துறை அறைக்குக் கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரக் கம்மாய்களில் முளைக்கிற செடிகளைப் பட்டியலிட ஒரு திட்டம் அனுமதியாகியிருக்கிறதாம். ஆகஸ்டிலிருந்து ஓர் உதவியாளர் வேண்டும். செடி சேகரிக்க, உலர்த்த, வரைய.

"உன் கோடு நல்லா இருக்கு. ஒரு வருஷம் இதுல இரு. அப்புறம் எம்.எஸ்சி. போ. ஹெர்பேரியத்துல ஆள் எடுக்கும்போது இந்த அனுபவத்தைக் கேப்பாங்க. ரிசல்ட் வந்ததும் வா. பி.எஸ்சி. பாஸாகியிருக்கணும், அவ்வளவுதான் ரூல்."

"சரி மேடம்" என்றேன். வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

அம்மாவுக்குத் தலைவலி. கடலைமிட்டாய் பாக்கெட் போடும் இடத்துக்கு இன்று அவளுக்குப் பதில் நான் போனேன். எல்லாவற்றிலும் வெல்ல வாசனை. வந்து குடத்தில் தண்ணீர் நிரப்பி, தம்பி மகாராஜன் சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

தம்பி தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறான். நான் படித்தது அரசுப் பள்ளி. அம்மா ஐந்தாவது. தண்ணி லாரி ஓட்டுகிற அப்பா எட்டாவது. அதுவும் மதியச் சோற்றுக்காகத்தான் என்பார். தம்பி என்னை 'டாக்டர் புல்பூண்டு' என்று கூப்பிடுகிறான். இந்த வீட்டில் என் படிப்புக்கு ஒரு பெயர் வைத்திருப்பது அவன் ஒருவன்தான்.

ஏப்ரல் 26, புதன்

அப்பாவோடு இ-சேவை மையத்துக்குப் போனேன். படிவம் வாசித்துச் சொல்ல நான் வேண்டும். தம்பியின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்கப் போனோம். சாதி, வருமானம், இருப்பிடம். பிறகு 'முதல் பட்டதாரி'. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குத் தருகிற சான்றிதழ். அது இருந்தால் கட்டணத்தில் நல்ல சலுகை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள்: "வீட்ல வேற யாரும் டிகிரி முடிச்சிருக்காங்களா?"

"இந்தா, எம் மகதான். பி.எஸ்சி. அடுத்த மாசம் முடிக்கா" என்றார் அப்பா. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் கவனித்தேன்.

"அப்ப பையனுக்குக் கிடைக்காதுண்ணே. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆளுதான்." அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "அக்கா ஒரு பேப்பர்ல அரியர் வச்சிருந்தா தம்பிக்குக் கிடைச்சிருக்கும். நல்லாப் படிச்சுத் தொலைச்சிட்டாக போல."

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அப்பாவோடு லாரியில் திரும்பினேன். சர்வீஸ் ரோடு தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு பேப்பரு வச்சிருந்தா கெடைக்குமாம்லா."

"அது கேலிக்குச் சொன்னுச்சுப்பா."

"கேலின்னா என்ன? உள்ளதத்தான சொல்லுது." கொஞ்ச தூரம் போனபின், "போன பேப்பர நவம்பர்ல எழுதிக்கிடலாமா தாயி?" என்றார்.

எழுதிக்கொள்ளலாம் என்றேன். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

மே 8, திங்கள்

பிளஸ் டூ முடிவு. தம்பி 497. அம்மா தெரு முழுக்க சீனி கொடுத்தாள். அப்பா அவனைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. எல்லோரும் சிரித்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா எனக்குத் தனியாகப் புரோட்டா வாங்கி வந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மே 12, வெள்ளி

கடைசித் தேர்வு. தாவர வகைப்பாட்டியல். எனக்கு மிகப் பிடித்த தாள். கேள்விகள் எளிதாக இருந்தன. பதினெட்டுப் பக்கம், ஏழு படம். ஆவாரம்பூவை வரைந்தபோது நேரம் போனது தெரியவில்லை. மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா லாரியை வாசலில் நிறுத்தி நின்றுகொண்டிருந்தார். "எப்படித்தா?" என்றார்.

"எழுதினேன்ப்பா."

வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். வழுக்கையை அவரே சுரண்டிக் கொடுத்தார். வெயில் அதிகம். துவைக்க நிறையத் துணி இருந்தது.

மே 13, சனி

போர்வைகள் துவைத்தேன்.

ஜூன் 2, வெள்ளி

முடிவு வந்தது. ஐந்து தாளில் தேர்ச்சி. வகைப்பாட்டியல் ஆர்.ஏ., அதாவது மறுபடி எழுத வேண்டும். வெளித்தேர்வு மதிப்பெண் பூஜ்யம்.

வினோலியா போனிலேயே கத்தினாள். "உனக்கா? வகைப்பாட்டியலா? ஏ, நானே பாஸுடி!"

அம்மா அழுதாள். அது நடிப்பு இல்லை. அப்பா துண்டை உதறி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பேப்பர் மாத்தித் திருத்திட்டானுவ யக்கா, பூஜ்யம்லாம் வராது" என்றான் தம்பி. அவனுக்கு எதுவும் தெரியாது. பரவாயில்லை, நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நவம்பர் என்று நான் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூன் 6, செவ்வாய்

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். என் ரிசல்ட் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போன மாதமே சொல்லியிருந்தாராம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பேடு வைத்து எழுதினார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

"சண்முகையா, உங்க அப்பா படிப்பு?"

"கைநாட்டு சார்."

"சம்சாரம்?"

"அஞ்சாப்பு."

"மக?"

அப்பா என்னைப் பார்த்தார். வி.ஏ.ஓ.வும் பார்த்தார். "நீயே சொல்லும்மா."

நாலு பேர் முன்னால் எனக்குச் சத்தம் எழும்பாது. "பி.எஸ்சி. எழுதினேன் சார். ஒரு பேப்பர் போயிருச்சு."

"சத்தமாச் சொல்லு."

"பெயில் சார்."

"மூணு வருசம் பஸ்ஸுக்குக் குடுத்ததெல்லாம் தெண்டமா?" என்றாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாக்கா.

"விடும்மா, நவம்பர்ல எழுதிரும்" என்றார் வி.ஏ.ஓ. நல்ல மனிதர். எழுத்தும் அழகு. என் பெயருக்கு நேரே 'பி.எஸ்சி., தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதியதைத் தலைகீழாக இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது.

ஜூன் 9, வெள்ளி

மேடம் கூப்பிட்டார்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். வேண்டாம் மேடம் என்றேன். "ஏன் வேண்டாம்? உனக்குப் பூஜ்யம் போட்டவனை நான் சும்மா விடமாட்டேன்" என்றார்கள். அவர்களே படிவம் நிரப்பி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 14, புதன்

மகாராஜனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வந்துவிட்டது.

ஜூலை 10, திங்கள்

நகல் வந்தது. மேடம் எனக்காகக் காத்திருக்காமல் உறையைப் பிரித்துவிட்டார்கள். நான் உள்ளே போனபோது மேசை மேல் பதினெட்டுத் தாளும் பரப்பியிருந்தது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது. கடைசிப் பக்கத்தில், 'மேற்கண்ட விடைகள் அனைத்தும் என்னால் அடிக்கப்பட்டன.' அதன் கீழே என் பதிவெண், கையெழுத்து.

பள்ளியில் பிளஸ் டூ தேர்வு எழுதும்போது கற்றுக்கொண்ட வாக்கியம். மார்க் குறையும் என்று தோன்றினால் சிலர் முழுவதையும் அடித்து, இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பெயிலாகி அடுத்த முறை நன்றாக எழுதலாம் என்று. கூடுதல் மார்க்குக்காக மற்றவர்கள் எழுதிய வாக்கியம்.

"இது யாரு எழுதினது?"

"நான் மேடம்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

மேடம் ஆவாரம்பூ இருந்த பக்கத்தை எடுத்தார்கள். கோடு படத்துக்கு முன்னால் நின்று, படத்தைத் தாண்டி மறுபடி தொடங்கியிருந்தது. ஏழு படத்திலும் அப்படித்தான். "எல்லாத்தையும் அடிச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்ட. படத்தை மட்டும் விட்டு என்ன பிரயோஜனம்?"

தம்பி சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தாள்களை அடுக்கி உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

"எனக்கு ஆகஸ்ட்ல ஆள் வேணும். பாஸானவங்களைத்தான் போட முடியும். நான் என்ன செய்ய, சொல்லு."

உறையைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 12 அன்று இந்த நோட்டில் இதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அப்பா என்னைக் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நவம்பரில் எழுதலாமா என்று ஒரு தடவை கேட்டார். ஒரு புரோட்டா வாங்கித் தந்தார். அவ்வளவுதான். தேர்வுக்கே போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வகைப்பாட்டியலை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. எழுதி முடித்து, இருபது நிமிடம் யோசித்து, ஸ்கேலை எடுத்தது நான்தான். வீடு என்னை ஆயுசுக்கும் நல்ல பிள்ளை என்று சொல்லும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. கோடு போடப் போட ஒரு நிம்மதி இருந்தது. இனி ஆகஸ்டில் எங்கும் போக வேண்டாம், புது ஆட்களிடம் பேச வேண்டாம், அந்த மேசைக்கு நான் தகுதியா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. இதைத் தம்பி மேல் போட முடியாது.

ஜூலை 11, செவ்வாய்

உறையைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். தம்பி எதையோ தேடி எடுத்துவிட்டான். தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னது யக்கா இது? எனக்காகவா?"

"ஆமாடா."

"நான் கேட்டனா? எப்பமாச்சும் உன்ட்ட கேட்டனா?"

"இல்ல."

"பின்ன என்ன மயித்துக்கு அடிச்ச? இனி நான் பெயிலானா, காலேஜ் பிடிக்கலைன்னு வந்தா, ஆயுசுக்கும் இதக் காட்டுவீங்கள்லா?" தாள்களை வீசினான். பிறகு அவனே குனிந்து பக்க எண் பார்த்து அடுக்கினான்.

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லாததால் அதிகமாக வந்தது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மேடத்தின் திட்டத்தில் வினோலியா சேர்ந்துவிட்டாள். நேர்முகத்துக்கு ரெக்கார்டு நோட்டைக் கொண்டு போனாளாம். நான் வரைந்த நோட்டு. அம்மா வேலை செய்கிற கடலைமிட்டாய் கம்பெனியிலேயே நானும் சேர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வினோலியா ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள். பை நிறைய ஈரச் செடிகள், செய்தித்தாளில் சுற்றி.

"செம்பா, கோச்சுக்காதடி. படம் மட்டும் நீ போட்டுக் குடேன். எனக்குக் கை என்ன வரையுதுன்னு எனக்கே தெரியாது. போன வாரம் நீர்முள்ளி வரைஞ்சேன், மேடம் இது என்ன பல்லியான்னு கேட்டாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பையில் வல்லாரை இருந்தது. வேரோடு, மண் கூடக் கழுவாமல். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

தம்பியை விடுதியில் விட்டு வந்தோம். பஸ்ஸில் அப்பா தூங்கினார், அம்மா அழுதாள். நான் ஜன்னல் வழியாகச் செடிகளைப் பார்த்து வந்தேன். பெரும்பாலும் கருவேலம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அத்தை ஒரு மாப்பிள்ளை சொல்லி வந்தாள். பையன் டிப்ளமா, ஸ்பின்னிங் மில்லில் வேலை. "பொண்ணு டிகிரி முடிச்சிருந்தா அவுக யோசிப்பாக. இவ பெயிலானதும் ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு அண்ணே." அப்பா சிரித்தார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கொட்டவில்லை.

இதுவரை வரைந்தது முப்பத்திரண்டு படங்கள்.

அக்டோபர் 9, திங்கள்

மேடத்தின் முதல் அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. வினோலியா ஒரு பிரதி கொடுத்தாள். நல்ல வழவழப்பான தாள். என் நாற்பத்தொரு படமும் இருந்தன. முதல் பக்கத்தில், 'படங்கள்: ஜே. வினோலியா, பி.எஸ்சி.'

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வினோலியாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"நான் உன் பேரச் சொன்னேன் செம்பா. சத்தியமா. உன் பேரப் போட்டா பேருக்குப் பின்னால என்ன போடன்னு மேடம் கேட்டாங்க."

மேடத்துக்கு என் கோடு தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்கள். பேருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் செய்தவள் நான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 12, வியாழன்

நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். லாரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பமா? நீ பாஸாயிட்டா தம்பி சர்டிபிகேட்டு கேன்சலாயிரும்னு சொல்லுதாகளே."

"யாருப்பா சொன்னா?"

"எல்லாரும்தான். ஸ்டாண்டுல கேட்டேன். அவன் நாலு வருசம் முடிக்கட்டும் தாயி. அதுக்குப் பொறவு எழுது."

"நவம்பர்னு சொன்னீங்க."

"நவம்பருன்னா, இந்த நவம்பருன்னா சொன்னேன்?"

அவர் என்னை ஏமாற்றவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பிக்கொண்டுதான் சொன்னார்.

அக்டோபர் 13, வெள்ளி

தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ரத்தாகுமா ஆகாதா. மூன்று மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேசைக்காரர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்படி ஒரு கேள்விய யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லம்மா. எதுக்கு வம்பு, பேசாம இரேன்."

இருபத்தொரு வருடமாக எல்லோரும் எனக்குச் சொன்ன அறிவுரை அதுதான். பணம் கட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 16, வியாழன்

பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி வேலைக்கு லீவு போட்டேன். தேர்வு அறையில் பழைய அரியர்க்காரர்கள் ஒன்பது பேர். ஒருத்தி கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பத்தொன்பது பக்கம் எழுதினேன். முடித்தபின் மணி அடிக்கும்வரை இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"பல்லு டாக்டரு வெரல்ல மையா பூசுதாரு?"

விரலைத் துப்பட்டாவில் துடைத்தேன்.

"அப்பாட்ட நான் சொல்லல. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோட்டி. அவன் படிப்புக்கு எதாச்சும் ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

"அப்ப என் படிப்புக்கு யாரம்மா கேக்க?"

அம்மா கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஒடித்து முடித்தபின் வேர்களைக் கூட்டி அள்ளினாள்.

ஜனவரி 19, வெள்ளி

தேர்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு.

குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குத்தான் போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். ஆங்கிலச் செய்தியை வாசிக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். வாசித்தேன்.

"அப்ப எழுதிருக்க."

"ஆமாப்பா."

"தம்பி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்ட."

தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. "எங்க காலேஜ்ல எவனும் ஒண்ணும் கேக்கலப்பா. அக்காட்ட குடுங்க." அப்பா கொடுக்கவில்லை. வைத்துவிட்டார்.

"யாரும் கேட்டா பெயிலுன்னே சொல்லு. தெருவுல எவனுக்கும் தெரியக் கூடாது. பெட்டிசன் போட்டுருவானுவ."

ஜனவரி 21, ஞாயிறு

குழாயடியில் பேச்சியம்மாக்கா கேட்டாள். "என்னட்டி, நவம்பர்ல எழுதுனியா?"

என்னை முந்திக்கொண்டு அம்மா சொன்னாள்: "எழுதுனா. அதுவும் பெயிலுதான்."

"ஐயோ பாவம்" என்றாள் பேச்சியம்மாக்கா. உண்மையிலேயே பாவப்பட்டாள். குடத்தைத் தூக்கிவிட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

கடலைமிட்டாய். கடலைமிட்டாய். கடலைமிட்டாய்.

மார்ச் 10, ஞாயிறு

வினோலியாவுக்கு நிச்சயமாகியிருக்கிறது. வேலையை விடுகிறாள். அந்த இடத்துக்கு என்னைக் கேட்கச் சொல்லி, அவளே என்னை மேடத்திடம் இழுத்துப் போனாள். மேடம் என் மதிப்பெண் பட்டியலை இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

"திட்டம் ஏப்ரலோட முடியுது. முன்னாடியே வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்கள். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தபடி, "எம்.எஸ்சி.க்குப் போடு. வெளியூருக்கே போடு" என்றார்கள்.

மே 6, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். எம்.எஸ்சி., கோயம்புத்தூர், விடுதி. முன்பெல்லாம் அவரிடம் பேசுவதற்கு முன்னால் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை.

"யாருட்ட கேட்டு முடிவு பண்ணுன?"

"யாருட்டயும் கேக்கல."

"அந்த மாப்பிள்ள வீட்டுக்கு என்ன பதில் சொல்ல?"

"பாஸாயிட்டேன்னு சொல்லுங்க. அவங்களே வேண்டாம்னுருவாங்க."

அப்பா நாலு மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்று பார்த்தார். "நீ இப்படிப் பேசுறவ இல்லையே தாயி" என்றார். அதில் கோபம் இல்லை. தொலைந்த பொருளைப் பற்றிச் சொல்வது போலிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மே 9, வியாழன்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டேன். காலையிலேயே வரிசை. என் முறை வந்ததும், டைப் செய்கிற அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார்.

"கல்வித் தகுதி?"

"பி.எஸ்சி. தாவரவியல்."

"பாஸா, அரியர் இருக்கா?"

"பாஸ்."

இதை வெளியாள் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்களில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

"முதல் பட்டதாரியா நீங்க?"

எதிர்பார்க்கவில்லை. இந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். ஆமாம் என்றால் சான்றிதழ் கேட்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு உண்டான ஒன்று கொடுத்தாகிவிட்டது.

"இல்லண்ணே."

"அப்ப வீட்ல யாரு மொதல்ல டிகிரி முடிச்சது?"

"தம்பி."

"தம்பி என்ன முடிச்சிருக்காப்ல?"

"இன்ஜினியரிங். ஃபர்ஸ்ட் இயர் படிக்கான்."

அவர் மவுசை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவன் எப்படி உனக்கு முன்னாடி பட்டதாரி ஆவான்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியும். அரசு முத்திரை வைத்த பதில்.

"இல்லைன்னே போடுங்க" என்றேன்.

போட்டார்.